அறுபது மில்லிக்கு ஒரு கரண்டி

பிப்ரவரி 4

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அன்பு என்று தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள்.

பூசணி எப்படி இருக்கிறாள்? கீழே இரண்டு பல் வந்துவிட்டது என்று பெரியவர் சொன்னதாக உங்கள் கொழுந்தன் சொன்னார். இங்கே அணிலுக்கு நாலரை மாதம் முடிந்துவிட்டது. மாமாவுக்குக் கண் தெளிவாகத் தெரிகிறது. அத்தை எப்போதும் போல.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை. டப்பாப் பால்தான் கொடுக்கிறாள். குழந்தை எடை போடவே மாட்டேன் என்கிறதாம். பாவம், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறாள். பூசணி டப்பாப் பாலில்தானே வளர்ந்தாள்? அவளுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கெட்டி உணவு எப்போது ஆரம்பித்தீர்கள் என்று தெரிந்தால் அவளுக்குச் சொல்வேன்.

பதிலை லேப் முகவரிக்குப் போடுங்கள். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், ஆபரேஷன் ஆன கண் சரியாக வேலை செய்கிறதா பார்க்க, மாமாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள் அத்தை. போனும் ஹாலில் அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் ஓரகத்தி


பிப்ரவரி 8

படிச்சவளுக்கு,

நலம். நலமா என்று நானும் கேட்கவேண்டும். கேட்டாயிற்று.

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றாய். உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நானே எழுதுகிறேன். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள், பார்க்க நாங்கள் அங்கே வந்து தங்கியிருந்தோம். ஹாலில் மாமா, அத்தை, உன் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டு டீச்சர். நான் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே அடுப்படியிலிருந்து வருகிறேன். "ஏம்மா, தாய்ப்பால் இல்லையா?" என்று டீச்சர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "இல்லாம என்ன டீச்சர், மனசுதான் இல்ல. டப்பாவத் தொறந்து கலக்கறதுக்கு அம்மா எதுக்கு, ஆயா போதுமே." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். உன் மடியில் அப்போது அணில் பால் குடித்துக்கொண்டிருந்தான். ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

தையல் யூனிட்டில் நான் காலர் தைக்கிறவள். பிரசவ லீவு முடிந்து போன முதல் வாரம் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்து, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைமேல் சொட்டிவிட்டது. சூப்பர்வைசர் அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோட கறை?" என்று லைன் முழுக்கக் காட்டினார். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நாளில் நான் பாலை நிறுத்தினேன். இதை அன்றைக்கே ஹாலில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேனோ என்று மாடிக்குப் போய்விட்டேன்.

இனி உன் தோழிக்கு. அந்த வயசில் பூசணி ஒரு வேளைக்கு நூற்றைம்பது மில்லி குடித்தாள், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கெட்டி உணவு ஆறு மாதம் முடிந்த பிறகுதான். முதலில் காரட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். மூன்று நாள் என் சேலை, சுவர், அவள் மூக்கு எல்லாம் ஆரஞ்சு. டப்பாப் பால் ஒழுங்காகக் குடிக்கிற பிள்ளை எடை போடாமல் இருந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொல்.

அப்புறம், அந்தத் தோழியின் பிள்ளைக்கு முதுகில் அணில் கோடு மாதிரி மூன்று வரி ரோமம் இருந்தால், அவளையே நேராக எழுதச் சொல்.

மிஷின்காரி


பிப்ரவரி 12

அக்கா,

தோழி யாரும் இல்லை.

உங்கள் கடிதத்தை லேபில் ரசாயனங்கள் அடுக்கி வைக்கும் அறையில் நின்று படித்தேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் அறை அது ஒன்றுதான், அதனால் பால் பிழிவதும் அங்கேதான். டிசம்பரில் வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு முந்நூறு மில்லி வந்தது. பிறகு இருநூறு. ஜனவரி பிறந்தபோது அரை மணி நேரம் பிழிந்தால் பாட்டிலின் அடி மறைகிற அளவுக்கு வந்தது. வெளியே கதவைத் தட்டி, "மேடம், ஆசிட் வேணும்" என்பார்கள். இருந்ததும் நின்றுபோகும்.

வீட்டில் அத்தை அக்கம்பக்கத்தில் எல்லாம் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். "எங்க சின்னவ டப்பா வாசனையே அறியாதவ. வேலைக்குப் போனாலும் பாலப் பிழிஞ்சு பாட்டில்ல வச்சிட்டுப் போறா." உங்களைக் குத்துவதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்க இனிப்பாகவும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஜனவரி இரண்டாம் தேதி ஒரு டப்பா வாங்கினேன். அதை அந்த அறையிலேயே சாதாரண பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டி, டப்பாவை அங்கேயே எறிந்துவிட்டேன். வீட்டில், என் டீக்குப் பால்பவுடர் என்று சொல்லிவிட்டேன். காலையில் அத்தை எழுவதற்கு முன்பு கலந்து, ஆற வைத்து, ஃபிரிட்ஜில் வைப்பேன். அத்தை அதைத் தாய்ப்பால் என்று நினைத்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி அவனுக்குக் கொடுக்கிறார்கள். ஒருநாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "என்னடி, பால் தண்ணியா இருக்கு?" என்றார்கள். "தாய்ப்பால் அப்படித்தான் இருக்கும் அத்தை, நான் படிச்சிருக்கேன்" என்றேன். "படிச்சவ சொன்னா சரிதான்" என்று போய்விட்டார்கள்.

ஆறு வாரத்தில் நூறு கிராம்தான் ஏறியிருக்கிறான், அக்கா. கன்னம் வற்றிவிட்டது. கிளினிக்கில் நர்ஸ் ஒவ்வொரு முறையும், "என்ன பால் கொடுக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். "தாய்ப்பால் மட்டும்" என்கிறேன். பால் போதுமா என்று டாக்டர் கேட்டால், அத்தை பிழிந்து வைக்கும் பாட்டில் கணக்கைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவ்வளவு குடித்தும் ஏறவில்லை என்றால் குடலில் ஏதோ குறை, சத்தை உறிஞ்சவில்லை என்று டாக்டர் நினைக்கிறார். இரண்டு முறை ரத்தம் எடுத்தாயிற்று. நேற்று நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தாம் தேதி திரும்பப் போகவேண்டும். மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போதும் எடை ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

டப்பாப் பாலும் நீங்கள் சொன்ன அளவுதான் கொடுக்கிறேன். ஏன் ஏறவில்லை? எனக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. உங்களைக் கேட்க எனக்கு முகமும் இல்லை.


பிப்ரவரி 15

அடியே,

இதைத் தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். என் வீட்டுக்காரர் இன்று அந்தப் பக்கம் லோடு எடுக்கிறார். லேப் வாசலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கவரை ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. போனும் இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் அத்தை எடுத்தார்கள், வைத்துவிட்டேன். யாரோ ராங் நம்பர் என்று திட்டியிருப்பார்கள்.

திட்ட வேண்டியதை அப்புறம் திட்டுகிறேன். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்.

எந்த டப்பா? அதில் எத்தனை மில்லித் தண்ணிக்கு ஒரு கரண்டி என்று போட்டிருக்கிறது? கரண்டியை வழித்துப் போடுகிறாயா, குவித்தா? கரண்டி எந்தக் கரண்டி? டப்பாவைத்தான் லேபிலேயே எறிந்துவிட்டாயே, அதனால் கேட்கிறேன். ஒரு கம்பெனி டப்பாவுக்கு உள்ள கரண்டி இன்னொன்றுக்கு ஆகாது. எங்கள் யூனிட்டில் நூல் சுற்றுகிற பாபினை ஒரு மிஷினிலிருந்து எடுத்து அடுத்த மிஷினில் போட்டால் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், நூல் மட்டும் ஓடாது. அது மாதிரி. நான் பூசணிக்குக் கொடுத்த டப்பாவில் முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி. பக்கத்து வீட்டுப் பெண் வாங்குவதில் அறுபதுக்கு ஒன்று. கரண்டியே இரண்டு மடங்கு.

உன்னிடம்தான் தராசு இருக்கிறதே. எடை போட்டுப் பார். இன்றைக்கே.


பிப்ரவரி 17

அக்கா,

லோடு தாமதமாகி, பெரியவர் இன்று காலைதான் வாசலில் கவரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

அன்று டப்பாவைக் கவிழ்த்தபோது அதன் கரண்டி தரையில் விழுந்துவிட்டது. ஆசிட் பாட்டில்கள் வைக்கும் அறை, அந்தத் தரையில் விழுந்ததைக் குழந்தைக்கு எப்படிப் போடுவது என்று எறிந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. அதன் பிறகு வாங்கியதெல்லாம் பாக்கெட், அதில் கரண்டி வராது. அறுபது மில்லிக்கு ஒன்று என்று டப்பாவில் படித்தது மட்டும் மனப்பாடமாக இருந்தது. வீட்டில் அடுப்படி இழுப்பறையில் ஒரு கரண்டி கிடந்தது, அதைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டேன்.

அது ஆபரேஷனுக்கு வந்தபோது நீங்கள் விட்டுப்போன கரண்டி.

இன்று மதியம் புது டப்பா வாங்கி, அதன் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தராசுக்கு முன் உட்கார்ந்தேன். அதில் ஒரு கரண்டி பவுடர் எட்டு கிராம் எழுபது. உங்களுடையதில் நான்கு கிராம் முப்பத்தைந்து. மூன்று தடவை போட்டேன். நம்பாமல் தராசையே சரிபார்த்தேன். பாதி அக்கா, சரிபாதி. நாற்பத்தாறு நாள் என் பிள்ளைக்குப் பாதிப் பாலும் மீதி தண்ணீருமாகக் கொடுத்திருக்கிறேன். கத்தி முனையால் வழித்து, வழித்து. நான் செய்கிற வேலை ஊராரின் குடிதண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு நாளைக்கு முப்பது பாட்டில் பார்க்கிறேன்.

மாலையில் போனதும் சரியான அளவில் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்கினான். இதுவரை அவன் இரண்டு மணி நேரத்துக்குமேல் தூங்கியதில்லை. மூச்சு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதக் கை வரவில்லை. அத்தை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் சூடு பண்றதுலதான் ஏதோ கோளாறு போல. பால்ல உள்ள சத்த நான்தான் கெடுத்துட்டேன் போல" என்று முந்தாநாள் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்.

இனி சரியாகிவிடும், அக்கா. இருபத்தைந்தாம் தேதிக்குள் எடை ஏறிவிடும். தானாகச் சரியாகிவிட்டது என்று டாக்டர் விட்டுவிடுவார். உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அன்று பேசியதற்கு மன்னித்துவிடுங்கள்.


பிப்ரவரி 20

படிச்சவளே,

முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தோழி யாரும் இல்லை என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது டீ இடைவேளை. படித்துவிட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'வேணும், நல்லா வேணும்' என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மிஷின் பெண், "என்னக்கா, லாட்டரியா?" என்று கேட்டாள். கன்னம் வற்றிவிட்டது என்ற வரியை நான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தேன். படித்த பிறகும்தான் சிரித்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். ஆனாலும் அது ஒரு பச்சைப் பிள்ளை பட்டினி கிடந்த செய்தி. அன்று வீட்டுக்குப் போய் பூசணிக்குச் சோறு ஊட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி உனக்கு. யாரிடமும் சொல்லமாட்டேன், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நீ சொல்லவேண்டும். எடை ஏறினால் விட்டுவிடுவார் என்கிறாய். காரணம் தெரியாமல் நின்ற எடை காரணம் தெரியாமல் ஏறினால் எந்த டாக்டர் விடுவார்? இருபத்தைந்தாம் தேதி மறுபடி ரத்தம் எடுப்பார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். இல்லாத நோயைத் தேடிக் குத்துவார்கள். நீ மறுபடி காலைப் பிடித்துக்கொள்வாயா?

அத்தைக்கும் எனக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும். என்னை அவர்கள் பேசிய பேச்சுக்கு இன்னும் நாலு பிறவி எடுத்துத்தான் நான் மறக்கவேண்டும். ஆனாலும் உன் பழியை அந்த அம்மா தலையில் கட்டிவிட்டு நீ துணி மடிக்காதே.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். நடுவீட்டில் நாலு பேர் முன்னால் பேசியதற்குக் கவருக்குள் மன்னிப்பு வேண்டாம். நான் வாங்கிக்கொள்ளமாட்டேன்.

கெட்டி உணவுக்கு அவசரப்படாதே. பட்டினி போட்டோமே என்று இப்போதே வாயில் எதையும் திணிக்காதே. டாக்டர் சொல்கிறபோது ஆரம்பி. முதலில் துப்புவான். வேண்டாம் என்று துப்புவதில்லை அது, விழுங்கத் தெரியாமல் துப்புவது.


பிப்ரவரி 27

அக்கா,

போய் வந்துவிட்டோம்.

ஆட்டோவிலேயே அத்தையிடம் சொல்லிவிட நினைத்தேன். முடியவில்லை. கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், அப்போதும் முடியவில்லை. ஒவ்வொரு டோக்கனாகக் கூப்பிடும்போதும், அடுத்த நம்பரில் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். உள்ளே போனதும் நர்ஸ் வழக்கம்போல் குனிந்த தலை நிமிராமல், "என்ன பால்?" என்றார்கள். வாய் பழக்கத்தில் "தாய்ப்பா" என்று பாதி சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜையில் ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல. டப்பாப் பால். ஜனவரியிலேர்ந்து. பாதி அளவுதான் போட்டிருக்கேன். தெரியாமப் போட்டேன். இங்க தெரிஞ்சே பொய் சொன்னேன்."

இரண்டு கரண்டிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு தடவ குத்தியிருக்க வேணாமே" என்றார். திட்டியிருக்கலாம். எடை போட்டார்கள். எட்டு நாளில் முந்நூறு கிராம். ரத்தம் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து கெட்டி உணவு ஆரம்பிக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

வீடு வந்ததும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என்னைத் திட்டப்போகிறார்கள் என்று எதிரே நின்றேன். அவர்கள் என்னோடு பேசவே இல்லை, அணிலோடு பேசினார்கள். "பாட்டில் காலியானதும் அழுவியே, ராசா. பெருந்தீனிக்காரன், எவ்வளவு ஊத்துனாலும் பத்தாதுன்னு திட்டுனேனே. பசின்னு சொல்லத்தானே அழுத. இந்தக் கையாலதானே உன் வாயப் பொத்துனேன்." அப்புறம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "தண்ணியா இருக்குன்னு நான் கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க, அத்தை."

"நான் படிக்காதவ. கேட்டதோட விட்டுட்டேன்."

மறுநாள் மாலை எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். டீச்சரையும் நானே போய்க் கூப்பிட்டு வந்தேன், காபி சாப்பிட வாங்க என்று. எல்லார் கையிலும் டம்ளர் வந்த பிறகு சொன்னேன். நவம்பரில் இதே இடத்தில் உங்களைப் பற்றி என்ன சொன்னேன் என்று வார்த்தை மாற்றாமல் சொன்னேன். உங்கள் வெள்ளைச் சட்டையைப் பற்றிச் சொன்னேன், அதற்கு உங்களிடம் கேட்கவில்லை, கோபப்படாதீர்கள். பிறகு நான் செய்ததையும் சொன்னேன். உங்கள் கொழுந்தனுக்கு முதல்நாளே தெரியும், ஆனாலும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர், "நான் அன்னிக்குச் சிரிச்சேனா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றார்கள். நிஜமாகவே ஞாபகமில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மாமாதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஞாபகமிருக்கு. கண்ணத்தானே கட்டியிருந்தாங்க. பெரியவ பாட்டிலக் குலுக்கிட்டே வந்தா. நீ பேசுனதும் அந்தச் சத்தம் நின்னுபோச்சு" என்றார்.

டீச்சர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தெருவில் இனி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். மன்னித்தீர்களா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அடுத்த கடிதத்திலும் கேட்கமாட்டேன்.

இன்று காலை நான் லேபுக்குக் கிளம்பும்முன் அத்தை முன்னாலேயே பால் கலந்தேன். கரண்டியை வழித்ததும் அவர்களிடம் காட்டினேன். தலையை ஆட்டினார்கள். மடியில் போட்டுக்கொண்டு கொடுத்தேன். முக்கால் பாட்டில் குடித்ததும் அணில் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்ப வைத்தேன், நாக்கால் தள்ளினான். உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவன் பாலை வேண்டாமென்று நான் பார்த்ததே இல்லை, அக்கா.

அத்தை பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அடியில் முப்பது மில்லி மிச்சம் இருந்தது.

"ஒண்ணுமில்லடி. வயிறு நெறஞ்சிருச்சு" என்றார்கள்.